பேரேடும் பிழைப்பும்

கொழும்பிலிருந்து மலைநாட்டின் ஊடே வரும் புகையிரதம், தெமோதரையின் வளைவைச் சுற்றி இறங்கி, உடுவரையைத் தாண்டி, பதுளைக்கு முன்னதாக நிற்கும் ஊர் ஹாலிஎல. சுற்றிலும் தேயிலை மலைகள். 1924 ஆம் ஆண்டில் இருப்புப்பாதை பதுளையை எட்டியபோது, ஊவாவின் தேயிலை நேராகத் துறைமுகத்தை நோக்கி இறங்க வழி பிறந்தது. அந்நாளில் புறப்பட்ட ஒவ்வொரு தேயிலைப் பெட்டியின் மேலும் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், உள்ளிருந்த நிறை ஆகியவை எழுதப்பட்டிருந்தன. இலண்டனில் இருந்த வியாபாரி பெட்டியைத் திறக்காமலே, அஃது எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்று அறிந்துகொண்டான்.

அந்த இலையைக் கிள்ளிய கைகளுக்கும் ஓர் ஏடு இருந்தது. அதன் பெயர் செக்ரோல். அதிகாலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி, வந்தவர் யார், வராதவர் யார் என்று அதில் குறித்தார்கள். தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றே பெயர். முழு நாள் உழைத்தவருக்கு ஒரு பேர். பாதி நாள் கணக்கானவருக்கு அரைப்பேர். மாதம் முழுவதும் மழையிலும் வெயிலிலும் மலை ஏறி இறங்கிய ஒரு பெண்ணின் உழைப்பு, ஏட்டில் இத்தனை பேர் என்ற ஓர் எண்ணாக முடிந்தது. அந்த எண்ணை எழுதியவர் ஒருவர். அதனால் வாழ்ந்தவர் வேறொருவர். இவ்விருவருக்கும் இடையே இருந்த தூரமே மலையகத் தமிழர் வரலாற்றின் ஒரு பெரும் பகுதி எனலாம்.

இன்று 'தரவு' என்னும் சொல் கணிப்பொறியோடு சேர்த்துப் பேசப்படுகின்றது. அதைக் கேட்டவுடன், இஃது ஏதோ பெருநகர அலுவலகங்களுக்கு உரிய புதிய வித்தை என்று பலர் ஒதுங்கி விடுகின்றனர். உண்மையில் தரவு என்பது எண்ணிக் குறித்து வைக்கப்பட்ட செய்தியே. அதைத் திருத்தமாகக் குறிப்பது, ஒன்றோடொன்று ஒப்பிடுவது, யார் எதற்காக எண்ணினார்கள் என்று கேட்பது, வேண்டிய பொழுது எடுத்துக்காட்டும்படி பேணி வைப்பது ஆகிய இந்நான்குமே தரவுத் திறன். கணிப்பொறி இவற்றை விரைவாகச் செய்யும் கருவி, அவ்வளவுதான். இத்திறன் வாய்த்தோர்க்கு அது என்ன தந்தது, வாய்க்காதோர் அதனால் எதை இழந்தனர் என்பதற்கு, ஹாலிஎலையைச் சூழ்ந்த தோட்டங்களைப்போல் தெளிவான சாட்சி வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

தமிழர்க்குக் கணக்கு புதிதன்று. முந்திரி, காணி, மாகாணி, அரைக்கால் என்று ஒன்றை நுணுக்கி நுணுக்கிப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் பெயரிட்டு வழங்கிய மொழி தமிழ். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், நிலத்தின் அளவும் அதனின்று வரவேண்டிய நெல்லும் மிக நுண்ணிய பின்னங்கள் வரை வெட்டப்பட்டுள்ளன. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்புவித்தார்கள். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கடல் கடந்து வந்தோரில் பெரும்பாலோர், அந்தத் திண்ணையில் அமர இடம் பெறாதவர்கள், நிலமற்றவர்கள், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களுடைய ஊரிலும் கணக்கு இருந்தது. ஆனால் அது கணக்கனின் ஓலையில் இருந்தது. கடலைக் கடந்தபோது ஓலை காகிதமாயிற்று. கணக்கன் கணக்கப்பிள்ளை ஆனார். மற்றவை அப்படியே இருந்தன.

பயணத்தின் தொடக்கத்திலேயே எண் அவர்களைப் பற்றிக்கொண்டது. 1901 ஆம் ஆண்டில் தகரச் சீட்டு முறை புகுத்தப்பட்டது. ஆளுக்கு ஒரு சிறு தகரத் துண்டு. அதில் தோட்டம் இருந்த மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருந்தன. அதைக் காட்டினால் வழியில் எவரும் நிறுத்த மாட்டார்கள். கப்பலும் உணவும் புகையிரதமும் கிடைக்கும். ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாத மனிதனை, வழி தவறாமல் பெயர் அறியாத மலைக்குக் கொண்டு சேர்த்தது அந்தத் தகரம். ஒழுங்கு என்ற வகையில் அது திறமையான ஏற்பாடே. ஆனால், அந்தப் பயணத்தின் செலவு முழுவதும் தோட்டத்தில் அவனுக்கு முன்பாகவே ஏட்டில் ஏறிக் காத்திருந்தது. வேலை தொடங்கும் முன்னே கடன் தொடங்கிவிட்டது.

கடனுக்கும் ஒரு காகிதம் இருந்தது. அதைத் 'துண்டு' என்றார்கள். பெரிய கங்காணி தன் ஆட்களுடன் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், தோட்டத்துரை அவனிடம் ஒரு துண்டு கொடுப்பார். இந்த ஆட்களின் கடன் இவ்வளவு; இதைச் செலுத்துவோர் இவர்களைக் கொண்டுபோகலாம் என்பது அதன் பொருள். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டியது. கட்டிய தொகை மறுபடியும் ஆட்களின் தலையில் ஏறியது. தோட்டங்கள் ஆளுக்காகப் போட்டியிட்ட காலங்களில் துண்டின் தொகை வளர்ந்தது. கங்காணி பெற்றுக்கொண்ட பணம் எவ்வளவு, அதில் தன் பங்காக எழுதப்பட்டது எவ்வளவு என்பதை உழைப்பாளி அறியான். அறியாத எண்ணுக்கு அவன் ஆண்டுக்கணக்கில் உழைத்தான். 1921 ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

துண்டு ஒழிந்தாலும், மாதச் சம்பளத்தின் கணக்கு எளிதாகிவிடவில்லை. கொழுந்து மடுவத்தில் கூடையைத் தராசில் மாட்டி நிறுப்பார்கள். கூடையின் எடைக்கென்று சில றாத்தல் கழியும். மழைநாளில் இலையின் ஈரத்துக்கென்று மேலும் சில றாத்தல் கழியும். எஞ்சியதே ஏட்டில் ஏறும். மாத முடிவில் அரிசிக்கு ஒரு தொகை, முன்பணத்துக்கு ஒரு தொகை, கங்காணிக்குத் தலைக்காசு என்று பற்றுகள் வரிசையாக நிற்கும். கூட்டலும் கழித்தலும் மட்டுமே தெரிந்த ஒரு பத்து வயதுப் பிள்ளை லயத்தில் இருந்திருந்தால், அந்தக் குடும்பம் தன் சம்பளத்தைத் தானே சரிபார்த்திருக்கலாம். 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பள்ளிகளைப் பற்றிப் பேசியது. எனினும் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரே அறையும் ஒரே ஆசிரியருமாகவே நெடுங்காலம் நின்றது.

இந்த இருளில் சிலர் விளக்கு ஏந்தினார்கள். அவருள் முதலில் நினைக்கத் தக்கவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்து இலங்கையில் பத்திரிகை நடத்திய அவர், புடைவை வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்று சொல்லப்படுகின்றது. 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தார். அவரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் எழுத்திலும் பாட்டிலும் பரப்பிய செய்தி பெரும்பாலும் எளிய ஒன்று: உனக்குரியது எவ்வளவு என்று நீ தெரிந்துகொள். தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கிச் சிறுநூல்கள் வெளியிட்டதன் நோக்கமும் அதுவே. 1923 முதல் கண்டியில் இருந்து பணியாற்றிய இந்திய அரசின் முகவரும், ஆண்டுதோறும் தோட்டத் தொழிலாளரின் கூலி, வருகை, உடல்நலம் ஆகியவற்றை அறிக்கையாக வெளியிட்டு வந்தார். எண்கள் அச்சேறிய பின்னர், கூலி போதுமா என்ற கேள்வியை எவரும் எளிதில் தட்டிக்கழிக்க இயலவில்லை. 1927 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டம், தோட்டங்களில் குறைந்தபட்சக் கூலிக்கு வழி வகுத்தது. அப்பொழுதும் ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்குக் குறைந்த கூலியும் என்றே விதித்தார்கள். ஏட்டில் அந்த வேற்றுமை அழிய 1984 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதே காலத்தில், அதே கொழுந்தின் எடை உலகத்தின் மிகச் சிறந்த அறிவாளர் ஒருவரின் மேசைக்குச் சென்ற கதையும் உண்டு. 1869 இல் காப்பிச் செடியின் இலைகளில் தோன்றிய நோய், சில ஆண்டுகளில் இலங்கையின் காப்பித் தொழிலையே அழித்தது. அந்த அனுபவத்தால் எச்சரிக்கை பெற்ற தோட்ட முதலாளிகள், தேயிலையைக் குறித்து ஆராய்வதற்கு 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார்கள். பின்னர் அது தலவாக்கலையில் நிலைபெற்றது. அங்கு பணிபுரிய வந்தவருள் ஒருவர் டி. ஈடன். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில், புள்ளியியலின் தந்தையருள் ஒருவராகிய ரொனால்ட் பிஷருடன் பணியாற்றிவிட்டு அவர் இலங்கைக்கு வந்தார்.

ஈடன் எதிர்கொண்ட சிக்கல் தோட்டத்தில் எவரும் அறிந்ததே. ஒரே மலையில், ஒரே நாளில் நட்ட செடிகளும் ஒரே அளவில் கொழுந்து தருவதில்லை. ஒரு பாத்திக்கு உரமிட்டு, மற்றொன்றுக்கு இடாமல் விட்டு, உரமிட்டது அதிகம் தந்தால், அஃது உரத்தின் பயனா, அந்த மண் இயல்பாகவே நல்லதா? விடை ஒன்றுதான். உரமிடும் முன்னரே ஒவ்வொரு பாத்தியும் எவ்வளவு தந்தது என்று நிறுத்துக் குறித்து வைக்க வேண்டும். பின்னர் வந்த விளைச்சலை முன்னைய விளைச்சலோடு சேர்த்துப் பார்த்தால், மண்ணின் பங்கும் உரத்தின் பங்கும் பிரிந்து தெரியும். இந்த ஆய்வை ஈடன் 1931 இல் வெளியிட்டார். பிஷர், ஆய்வாளருக்கான தம் புகழ்பெற்ற புள்ளியியல் நூலின் அடுத்த பதிப்பில், இந்த முறையை விளக்குவதற்கு இலங்கைத் தேயிலைப் பாத்திகளின் எண்களையே எடுத்துக்காட்டினார். உலகெங்கும் மாணவர்கள் அவ்வெண்களை வைத்துக் கற்றனர்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? கொழுந்து எடுத்தவர்களின் கூடைகளிலிருந்து. அவர்கள் எடுத்து, சுமந்து, தராசில் வைத்த இலையின் நிறை அறிவியலாயிற்று. அவர்களோ தம் பெயருக்கு நேரே எழுதிய நிறையைக்கூட வாசிக்க இயலாதிருந்தார்கள். எண் அவர்களிடம் இல்லாமற் போனதில்லை. எண்ணின்மேல் அவர்களுக்கு ஆளுகை இல்லாமற் போயிற்று.

அந்த இழப்பின் முழுக் கொடுமையும் சுதந்திரத்துக்குப் பின்னர் வெளிப்பட்டது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் தனிப் பிரிவாக எண்ணப்பட்டபோது, அவர்கள் 5 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தனர். 1946 இல் 7 இலட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டினர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே, 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனைத் தொடர்ந்து, 1949 இன் 3 ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஒரு வாயிலைத் திறந்தது.

அந்த வாயிலின் பூட்டு ஒரு கணக்கு. 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வசித்ததாக மெய்ப்பிக்க வேண்டும். கொழுந்து எடுத்த மலை சாட்சி சொல்லாது. காகிதம்தான் சொல்ல வேண்டும். எந்த ஆண்டில் வந்தீர்? எந்த மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினீர்? பிள்ளை பிறந்த திகதி எங்கே பதியப்பட்டது? செக்ரோலில் உமது பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றா? முத்துசாமி ஓர் ஏட்டில் முத்தன் என்றும் வேறோர் ஏட்டில் முத்து என்றும் நின்றால், அவன் ஓர் ஆளா, மூன்று ஆட்களா? தோட்டத்தின் ஏடு தோட்டத்து அலுவலகத்தில் இருந்தது. லயத்தில் இருந்தது உழைத்த உடம்பு மட்டுமே. கால எல்லையாகிய 1951 ஆகஸ்ட் வரை, 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. அவருள் குடியுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேர். 1952 தேர்தலில் மலையகத்துக்கு முன்பிருந்த ஏழு இடங்களில் ஒன்றும் எஞ்சவில்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, நாடற்றோராக எண்ணப்பட்டவர் 975,000 பேர். அவருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வது 1974 இல் தீர்மானிக்கப்பட்டது. மனிதர்கள் வகுத்தலும் மீதியும் ஆனார்கள்.

இங்கு ஒரு செய்தியை மறத்தல் ஆகாது. குடியுரிமை பறிபோனது தொழிலாளரின் எழுத்தறிவின்மையால் அன்று; அரசியலின் முடிவால். எல்லாக் காகிதமும் கையில் இருந்தோரும் நிராகரிக்கப்பட்டதுண்டு. ஆயினும், காகிதம் இருந்தவனுக்கு வாதாட ஓர் இடம் இருந்தது. இல்லாதவனுக்கு அந்த இடமும் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் நாடற்ற நிலைக்கு முடிவு கட்ட வந்தபோதும், 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இலங்கையில் வசித்தவரோ, அவர் வழித்தோன்றலோ என்பதே அளவுகோலாயிற்று. மறுபடியும் ஒரு திகதி. மறுபடியும் ஒரு சான்று. பாட்டன் மடித்துப் பெட்டியடியில் வைத்த ஒரு பழைய சீட்டு, பேரனின் பிழைப்புக்கு வேர் ஆனது.

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. இன்றைய தொழிலாளியின் சம்பளச் சீட்டிலும் எண்கள் வரிசையாக நிற்கின்றன. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8. தொழில் கொடுப்போரின் பங்கு நூற்றுக்கு 12. இவ்விரண்டும் மாதந்தோறும் தம் கணக்கில் சேர்கின்றனவா என்று பார்ப்பதற்கு வேண்டியது உறுப்பினர் எண்ணும், நூற்றுவீதம் போடத் தெரிந்த அறிவும்தான். 2021 இல் சம்பள நிர்ணய சபை நாட்கூலியை 1,000 ரூபாயாக உயர்த்தியபோது, அதற்கு எத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்ற வழக்கு தோட்டந்தோறும் எழுந்தது. கூலி என்ற எண் உயர்ந்தாலும், கிலோ என்ற எண்ணும் வேலைநாள் என்ற எண்ணும் சேர்ந்தே மாத வருவாயைத் தீர்மானிக்கின்றன. மூன்றையும் ஒரே பார்வையில் காண்போரை ஓர் எண்ணைக் காட்டி மகிழ்விக்க இயலாது. ஒரு மலையில் கொழுந்து குறைந்ததற்குக் காரணம் சோம்பலா, கச்சான் காற்றுக் காலத்து வறட்சியா, வயதேறிய செடியா என்று கேட்கையில், சென்ற ஆண்டு இதே மாதத்தின் நிறையை எழுதி வைத்தவரே விடை சொல்ல வல்லவர். ஈடன் பாத்திகளில் செய்ததும் இதுவே அன்றோ?

கூலியினும் பெரிய பொருள் உயிர். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தின்மேல் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று ஆய்வாளர் முன்னரே எச்சரித்திருந்தனர். எத்தனை பேர் புதையுண்டனர் என்பதற்கு முதல் நாட்களில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட எண்கள் சொல்லப்பட்டன. இருந்தோரின் கணக்கு உறுதியாக இல்லாத இடத்தில், இறந்தோரின் கணக்கும் உறுதியாக இல்லை. 2025 நவம்பரில் வந்த டித்வா புயலின் பெருமழையிலும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து உயிர்களைக் கொண்டன.

மலை சரியும் முன் மழை பேசும். மழையின் பேச்சை அளக்க ஒரு மழைமானி போதும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும்; 100 மில்லிமீற்றர் ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும்; 150 மில்லிமீற்றரை எட்டினால் சரிவான இடங்களை விட்டு வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கைக்கொண்டுவரும் பொது அளவு. மழைமானியை வாசித்து, நேரத்தோடு குறித்து, கூட்டிப் பார்த்து, அயலவருக்குச் சொல்லத் தெரிந்த ஒரு மாணவி ஒரு லயத்தைக் காக்க வல்லவள். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. கூட்டலும் நேரந் தவறாமையும் வேண்டும். அவள் சொல்லைக் கேட்டு எழுந்து நடக்கும் பெரியோரும் வேண்டும்.

ஆதலின், தரவுத் திறன் என்பதை உத்தியோகத்துக்குரிய படிப்பென்று மட்டும் கருதுதல் பொருந்தாது. அலுவலகத்தில் கணிப்பொறியின் அட்டவணையைக் கையாளும் இளைஞனுக்கு அது தொழில் தரும். மருந்துக்கடை வைத்திருப்போர், மரக்கறி பயிரிடுவோர், சீட்டுப் பிடிப்போர் ஆகிய யாவருக்கும் அது நட்டத்தைத் தடுக்கும். ஆனால், தோட்டத்து மக்களுக்கு அது இன்னும் ஒன்றைத் தருகின்றது. பிறர் எழுதிய ஏட்டில் ஓர் எண்ணாக நின்றவர்கள், தம் ஏட்டைத் தாமே எழுதும் நிலையை அடைகின்றனர்.

அதற்குத் தொடக்கம் மிகச் சிறியது. வீட்டுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம். ஒரு பக்கத்தில் நாளும் கிலோவும் கூலியும். மறு பக்கத்தில் வரவும் செலவும். நடுவில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி ஆகியவற்றின் எண்களும் திகதிகளும். பள்ளி செல்லும் பிள்ளை எழுதட்டும். மாதக் கடைசியில் அதைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டு வாசிக்கட்டும். தாயும் தந்தையும் கேட்கட்டும். பிரட்டுக்களத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் போட்ட பேரை, இனி அந்த வீட்டுப் பிள்ளையும் ஒரு முறை கூட்டிப் பார்க்கும்.